பல்லியமும் தனிக்குரலும்

திருவாசகத்தின் ஆறு பகுதிகளுக்கு இளையராஜா அமைத்த இசை 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, சேர்ந்திசைக் குரல்கள் உடன் பாட, அவற்றின் நடுவே தமிழ் ஒலித்த அந்த ஒலித்தட்டுக்கு அன்று வந்த பாராட்டுரைகள் பல. 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழுவினர் அவருடைய சிம்பொனியை அரங்கேற்றியபின் பழைய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. அதன் எதிரொலி நம் வீடுகளிலும் கேட்கிறது. 'குணங்குடியார் பாடல்களை இப்படி எண்பது வாத்தியங்களோடு அமைத்தால் என்ன? சீறாவிலிருந்து ஒரு படலத்தை எடுத்துச் சேர்ந்திசையாக்கினால் என்ன?' என்று படித்த நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். பக்கீர்மார் தாயிரா தட்டிப் பாடுவதை ஐந்து நிமிடம் கேட்கப் பொறுக்காத செவிகள், அதே பாடல் பல்லியத்தோடு வந்தால் கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேட்பவர்களின் உள்ளமும் நல்ல உள்ளம். ஆயினும், விடை சொல்வதற்கு முன்னர் பல்லியம் என்பது தான் தொடும் பாடலை என்ன செய்கிறது என்று பார்த்தாக வேண்டும். பாராட்டுரைகளில் நான் காணாதது அந்த ஒன்றுதான்.

இசை ஆகுமா, ஆகாதா என்னும் பிக்ஹு விவாதத்தை இங்கே எழுப்பும் எண்ணமில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் 'ஸமாஉ' பற்றி ஒரு தனிப் பகுதியே வகுத்து, எது எப்போது யாருக்கு ஆகும் என்று நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களோடு உடன்படாத பெரியோரும் உண்டு. தப்ஸ் ஒன்றைத் தவிர வேறு கருவியை விரும்பாத வீடுகள் நம்மிடையே எத்தனையோ உள்ளன. அவ்வீடுகளை மதித்தே இதை எழுதுகிறேன். திருக்குர்ஆன் ஓதுதல் இசைக்கு அப்பாற்பட்டது. இந்த ஆராய்ச்சிக்குள் அது வாராது. ஆனால், ஓதும் கலையில் பயின்ற செவிக்கு ஒரு பழக்கம் உண்டு. அதை மட்டும் இங்கே துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

தஜ்வீது கற்கும் சிறுவனுக்கு உஸ்தாது முதலில் சொல்லித் தருவது நீட்டலும் நிறுத்தலும்தான். இயல்பான மத்து இரண்டு அளவு. காரணம் நேரும்போது அது நான்காகும், ஆறாகும். காரணமின்றி நீட்டினால் பிழை. நீட்ட வேண்டிய இடத்தில் குறுக்கினாலும் பிழை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் பொருளே மாறிப்போகும். தமிழிலும் இதே கணக்கு இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, இசை நிறைக்க வேண்டிய இடத்தில் அளபெடை என்று தொல்காப்பியர் அளந்து வைத்துப் போனார். அரபும் தமிழும் வேறு வேறு குடும்பத்து மொழிகளாயினும், சொல்லின் நீளத்தைச் சொல்லே முடிவு செய்யும். இசை முடிவு செய்யாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. ஒரு பாடலுக்கு எத்தனை வாத்தியங்கள் வாசித்தாலும் நான் முதலில் கேட்பது, அதிலுள்ள குறில் குறிலாக நிற்கிறதா என்பதைத்தான்.

பல்லியம் என்பது சங்க நூல்களிலேயே உள்ள சொல். பல இயங்கள் கூடியது பல்லியம். ஆனால், மேனாட்டு ஆர்கெஸ்ட்ரா வெறும் கூட்டமன்று. அது ஓர் ஆட்சிமுறை. எண்பது பேர் ஒரே நேரத்தில் வில்லை இழுக்க வேண்டுமானால், எந்தச் சுரம் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். அதை ஒருவர் கோல் அசைத்து நடத்த வேண்டும். பாடகன் தன் மனம்போல ஒரு சொல்லில் நின்று, உருகி, பிறகு மெல்ல அடுத்த சொல்லுக்குப் போவதற்கு அங்கே இடமில்லை; அல்லது அந்த உருக்கத்தையும் முன்கூட்டியே தாளில் எழுதிவிட வேண்டும். நம் பக்கத்துப் பாட்டோ தாளமில்லாத விருத்தத்தில்தான் உச்சத்தைத் தொடுகிறது. ஓதுவாரும் அப்படியே, பக்கீரும் அப்படியே.

சுரத்தின் செய்தியும் இதைப் போன்றதே. 1932ஆம் ஆண்டு கெய்ரோ நகரில் மன்னர் புவாதின் ஆதரவில் அரபு இசை மாநாடு கூடியது. அரபு நாடுகளின் இசைவாணர்களோடு ஐரோப்பிய அறிஞர்களும் வந்திருந்தார்கள். பாராபியின் பெரிய இசை நூலைப் பிரெஞ்சு மொழியில் தருவதற்கு உழைத்த எர்லாங்கே பிரபு அம்மாநாட்டின் ஏற்பாட்டில் பெரும்பங்கு கொண்டவர். ஹங்கேரியிலிருந்து பேலா பார்டோக் வந்தார். ஊர் ஊராகச் சென்று குடியானவர் பாடல்களைப் பதிவு செய்தவர் அவர். பியானோவையும் பிற ஐரோப்பியக் கருவிகளையும் அரபு இசையில் சேர்க்கலாமா என்பது அங்கே பெரிய வழக்காயிற்று. ராஸ்த் என்னும் மகாமின் மூன்றாம் சுரம் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கிறது. பியானோவில் அதைத் தேடினால் கிடைக்காது. பக்கத்துச் சுரத்தை வைத்துக்கொண்டால் அது ராஸ்தே அன்று. இதில் வியப்பு என்னவென்றால், எகிப்தியருள் பலர் பியானோ வேண்டும் என்றார்கள். வந்திருந்த ஐரோப்பியருள் பலர் உள்ளதைக் காத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்காரன் சுவரை இடிக்கத் துடிக்க, விருந்தாளி தடுத்த கதை.

நம் நாட்டிலும் இதே வழக்கு நடந்தது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. கமகத்தை ஏந்தத் தெரியாத பெட்டி என்பதே காரணம். அதே டில்லி வானொலியில், தடைக்குச் சற்று முன்னர், ஜான் போல்ட்ஸ் என்னும் ஆங்கில இசையமைப்பாளர் நம் வாத்தியக்காரர்களைத் தாள் பார்த்து வாசிக்கப் பழக்கிக் கூட்டு வாத்தியக் குழு ஒன்றை அமைத்துவந்தார். 1939இல் கல்கத்தாவில் காலராவுக்கு அவர் பலியானார். அவருடைய துணைவியார் மாட் மக்கார்த்தி அயர்லாந்தில் பிறந்து, நம் இசையை முறையாகக் கற்றவர். பின்னர் 1952இல் ரவிசங்கர் முதலியோரைக் கொண்டு வானொலியின் வாத்திய விருந்தா தோன்றியது. ஆக, இளையராஜா நடந்த பாதை புதிதன்று. அவர் அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போனார் என்பதே செய்தி.

திருவாசகத்தை நாம் பேசலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர். அன்னார் பாடல்களுக்கு உரை வகுத்தவர் வடிவேலு முதலியார். அவர்கள் நம் நூலைத் தம் நூலாகக் கருதினார்கள். அந்த உறவின் உரிமையில் நாமும் தமிழாக நின்று இதைக் கேட்கலாம். திருமுதுகுன்றம் என்று பழைய நூல்கள் கூறும் இந்த விருத்தாசலத்தில் ஓதுவார் பாட்டு தெருவரையில் வந்து காதில் விழும். திருவாசகத்தை அவர்கள் மோகனத்தில்தான் பாடுவார்கள், ஐந்தே சுரம். அந்த ஐந்தில் எதையும் அலங்கரிக்காமல், சொல்லுக்குச் சொல் இடம்விட்டுப் பாடும் முறை அது.

இளையராஜா அந்த மெட்டை எடுத்துக்கொள்ளவில்லை. தமக்கெனப் புதிய மெட்டுகள் அமைத்தார். அது அவர் உரிமை. யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து என்று ஆறிலிருந்தும் வேண்டியவற்றை எடுத்தார். எடுத்த முறையில் அவருடைய மதிநுட்பம் தெரிகிறது. சிவபுராணம் தொண்ணூற்றைந்து அடிகள் கொண்ட கலிவெண்பா. அவர் வாழ்த்து அடிகளில் தொடங்காமல், இருபத்தைந்தாம் அடியில், தன் வினையை எண்ணி ஒருவன் நாணும் இடத்தில் தொடங்குகிறார். அடுத்த அடியிலேயே பிறவிகளின் வரிசை வந்துவிடுகிறது. நாடகம் அறிந்தவரின் தேர்வு இது. சினிமாவின் குறுக்குவழிகளை விட்டு, நெடிய வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும் துணிவும் அந்தப் பகுதியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறு எவரும் அந்த அளவில் முயன்றதாக நான் கேட்டதில்லை.

ஆனால், அந்தப் பகுதியிலேயே என் மனம் தடைப்படுகிறது. கலிவெண்பா என்பது இடையில் முறியாத ஓட்டம். ஒரே மூச்சில் பெருகும் ஒரு மனிதனின் முறையீடு. இசையமைப்பாளர் அதைத் துண்டுகளாக்கி, துண்டுகளுக்கு இடையே பல்லியத்தை நிரப்பினார். அமெரிக்கரான ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் இடையிடையே வருகின்றன. உலகம் கேட்க வேண்டும் என்பது நோக்கம். அதன் விளைவு என்ன? நாணிக் குனிந்து நின்றவன் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து, அவையைப் பார்த்துத் தன் பேச்சைத் தானே மொழிபெயர்த்துச் சொல்வது போலாகிவிடுகிறது. இறைவனிடம் முறையிடுபவனுக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு? அந்த ஆங்கிலம் நல்ல ஆங்கிலமாகவே இருக்கட்டும். அது நிற்கும் இடம் தவறு.

திருப்பொற்சுண்ணம் வேறு வகை. பெண்கள் கூடி உரலில் சுண்ணம் இடிக்கும்போது பாடுவதாக அமைந்த பாட்டு அது. அங்கே பல குரல்கள் வேண்டும். உலக்கையின் தாளம் வேண்டும். ஒருவர் எடுக்க மற்றவர் ஏற்க வேண்டும். சேர்ந்திசை அந்தப் பாட்டின் உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வந்த பல்லியம் அங்கே உறவினர் போல உட்கார்ந்துகொள்கிறது; முறியவேண்டிய சொல் எதுவுமில்லை. ஒரே இசையமைப்பாளர், ஒரே ஒலித்தட்டு. ஒன்று பொருந்துகிறது, ஒன்று பொருந்தவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இசைஞரின் திறமையில் இல்லை. பாட்டு, தனி ஒருவன் தன் இறைவனிடம் பேசுவதா, கூட்டம் கூடிப் பாடுவதா என்பதில் இருக்கிறது. மாணிக்கவாசகர் இரண்டையும் தெளிவாகப் பிரித்தே பாடியிருக்கிறார். பிறவிகளை அடுக்கும் அடிகளைப் பலகுரல் ஏற்பதைக்கூட ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். அங்கே ஓர் உயிரே பலவாக வருகிறதல்லவா? நாணத்தைப் பலகுரல் ஏற்க முடியாது.

எங்கள் ஊர்ப் பீங்கான் சூளைகளில் வேலை செய்பவர்கள் இதை வேறு மொழியில் சொல்வார்கள். களிமண் பாண்டத்தின் மேல் கண்ணாடி போல் பளபளக்கும் பூச்சை அவர்கள் கிளேஸ் என்பார்கள். சூளையில் மண்ணும் பூச்சும் ஒன்றாகவே சுடுபடுகின்றன. ஆறும்போது இரண்டும் சுருங்குகின்றன. சுருக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். பூச்சு மிகுதியாகச் சுருங்கினால் மேலெல்லாம் மயிரிழை வெடிப்பு; குறைவாகச் சுருங்கினால் விளிம்பில் செதிலாக உரியும். சூளையைத் திறந்த அன்று பாண்டம் பழுதற்றதாகவே தோன்றும். சில பாண்டங்களில் மாதங்கள் சென்றபின், மண் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே பருத்தபின், மெல்லிய கோடுகள் ஓடத் தொடங்கும். சிவபுராணப் பகுதியை இருபது ஆண்டுகள் கழித்துக் கேட்கும்போது எனக்கு அந்தக் கோடுகள் கேட்கின்றன. பொற்சுண்ணத்தில் கேட்கவில்லை.

இதே சிக்கலை நீண்ட காலம் எதிர்கொண்ட நாடு அயர்லாந்து. ஆங்கிலேயரின் கீழ் தன் மொழியைப் பெரும்பாலும் இழந்து, இசையை மட்டும் இழக்காமல் காத்துக்கொண்ட சிறு தீவு அது. ஹாண்டலின் 'மெசையா' என்னும் பெரிய சமயச் சேர்ந்திசை 1742இல் முதன்முதல் அரங்கேறியது அந்நாட்டு டப்ளின் நகரத்தில்தான். ஊர் ஊராக யாழ் வாசித்துத் திரிந்த ஐரிஷ் யாழ்ப்பாணருள் புகழ்பெற்ற கேரலன் இறந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு 1792இல் பெல்பாஸ்ட் நகரில் எஞ்சியிருந்த யாழிசைவாணர்களைக் கூட்டினார்கள். வந்தவர்கள் ஏறத்தாழப் பத்துப் பேர். முதியவர்கள், பலர் கண்ணிழந்தவர்கள். பத்தொன்பது வயது எட்வர்ட் பண்டிங் அவர்கள் வாசித்ததை எழுதிக்கொண்டார். சில ஆண்டுகளில் நூலும் வந்தது. ஆனால், பியானோவுக்கு ஏற்றபடி கீழ்ச் சுரங்களைச் சேர்த்து அதை அச்சிட்டார். பாடல்களின் ஐரிஷ் சொற்கள் அந்நூலில் இடம்பெறவில்லை. யாழிசைவாணர் எப்படி வாசித்தார் என்பதை அந்தத் தாள்களுக்கு அடியில் தேடவேண்டிய நிலை பின்வந்தோருக்கு ஏற்பட்டது. நம் குணங்குடியார் பிறந்ததாகக் கூறப்படும் ஆண்டும் 1792 என்பது மனத்தில் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அங்கே ஷான் ஓ ரியாடா என்பவர் வந்தார். 1959இல் ஐரிஷ் விடுதலைப் போரைப் பற்றிய செய்திப் படம் ஒன்றுக்கு, நாட்டார் மெட்டுகளை முழுப் பல்லியத்துக்கு ஏற்றினார். நாடே எழுந்து நின்று கேட்டது. அவரோ அத்துடன் நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளிலேயே நாட்டார் கருவிகளை மட்டும் கொண்ட சிறு குழுவை அமைத்தார். கோல் ஆட்டுபவரின் ஆட்சியை விடுத்து, ஒவ்வொரு கருவியும் ஒரே மெட்டைத் தன் போக்கில் அலங்கரித்து வாசிக்கவிட்டார். பிறகு கார்க் மாவட்டத்தில் ஐரிஷ் மொழி பேசும் சிற்றூரில் குடியேறி, அவ்வூர் ஆண்களையே சேர்த்துத் தேவாலயச் சேர்ந்திசைக் குழு உண்டாக்கினார். 1971இல் நாற்பது வயதில் மறைந்தார். பல்லியத்தால் புகழ்பெற்ற மனிதர் பல்லியத்தைவிட்டு ஊர்க் குரலைத் தேடிப் போன இந்தப் பயணம் சிந்திக்கத்தக்கது.

பல்லியத்தோடு நாட்டார் இசை பொருந்தவே பொருந்தாது என்றும் நான் சொல்ல வரவில்லை. 1980இல் ஷான் டேவி அமைத்த 'பிரெண்டன் கடற்பயணம்' அதற்குச் சான்று. டிம் செவெரின் என்பவர் 1976–77இல் மாட்டுத்தோலால் தைத்த படகில் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். பழைய துறவி ஒருவரின் பயணக்கதை நடந்திருக்கக்கூடியதே என்று காட்டினார். அந்தப் பயணமே இசையாயிற்று. முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் ஐரிஷ் பைக்குழலை லியம் ஓ பிளின் வாசித்தார். குழல் படகு; பல்லியம் கடல். படகைக் கடலாக்க யாரும் முயலவில்லை. குழல் தன் ஊர் வழக்கில் சுரத்தை வளைத்துத் தன் போக்கில் பேசுகிறது. சுற்றிலும் பல்லியம் அலையாகவும் பனியாகவும் புயலாகவும் எழுந்து தாழ்கிறது. டேவி 1983இல் சேர்ந்திசையையும் சேர்த்து 'யாத்திரிகன்' என்னும் பெரிய படைப்பைச் செய்தார். ஆயினும், முதற்படைப்பில் உள்ள தெளிவு எனக்கு மிகவும் பிடிக்கிறது. காரணம், யார் யாருக்கு இடம் விட வேண்டும் என்பது அதில் ஐயமற விளங்குகிறது.

இடையே ஒன்று. அந்த செவெரின்தான் பிறகு ஓமானில் சூர் துறையில் 'ஸுஹார்' என்னும் மரக்கலம் கட்டி, 1980–81இல் சிந்துபாதின் வழியில் சீனம் வரை போனார். மலபாரின் மரம், இலட்சத்தீவுகளின் தென்னங்கயிறு. ஆணி ஒன்றும் இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த கலம். நம் மரக்காயர் முன்னோர் அறிந்த முறையே அது. தைத்த கலம் அலையில் சற்றே வளைந்து கொடுக்கும் என்பார்கள். சிந்துபாதுக்கு இப்படி ஓர் இசை நம்மவர் யாரும் அமைக்கவில்லையே என்ற குறை எனக்கு உண்டு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சேர்ந்திசை என்றதும் அது மேனாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் ரபீஉல் அவ்வல் மாதத்து இரவுகளை நினைத்துப் பார்க்கட்டும். சுப்ஹான மவ்லிது ஓதும் சபையில் ஒருவர் பைத்தை எடுக்க, முப்பது பேர் ஏற்கிறார்கள். பூசிரி இமாமின் புர்தாவும் அப்படியே. முதியவரின் நடுங்கும் குரலும் சிறுவனின் கீச்சுக் குரலும் ஒரே மெட்டில் செல்கின்றன. ஆயினும், முற்றிலும் ஒன்றாவதில்லை. ஒருவர் சற்று முந்துவார், ஒருவர் சற்றுப் பிந்துவார். அந்தச் சிறு விலகலால் ஒலிக்கு ஒரு தடிப்பு உண்டாகிறது. அதை அழகு என்று இசை நூலோர் ஒப்புவார்களோ, மாட்டார்களோ, நாம் பிறந்தது முதல் கேட்டுவரும் சேர்ந்திசை அதுதான்.

தமிழில் பலகுரல் இசையைச் சீராகப் பயிற்றியவர் எம்.பி. சீனிவாசன். ஜாலியன்வாலா பாக் காலத்துத் தலைவர் சைபுத்தீன் கிச்சலுவின் மகள் ஜாஹிதாவை மணந்தவர் என்பதால் நம் வாசகர் சிலர் அவரை அறிந்திருப்பர். அவர் உருவாக்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு பாரதி பாடல்களையும் நாட்டார் பாடல்களையும் பாடியது. பாடியவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். 1988இல் அவர் மறைந்த பின்னரும் குழு பாடிவந்தது. பல்லியத்தை நம்பாமல் மனிதக் குரலை நம்பியது அவருடைய முறை. குரல்கள் பலவாகப் பிரிந்தாலும் தமிழ்ச் சொல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விழும்படி அவர் பார்த்துக்கொண்டார். சொல் விளங்கிற்று. நம் கல்லூரிகள் பின்பற்றத்தக்க முன்மாதிரி அவரே. பணமும் அதிகம் வேண்டாம்.

இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக இயலாது. 2015இல் அவர் மறைந்தார். 'இறைவனிடம் கையேந்துங்கள்' ஒலிக்காத தமிழ் ஊர் இல்லை. அவருக்குப் பின்னால் ஒலித்ததும் ஒரு வாத்தியக் குழுதான். ஆர்மோனியம் உண்டு, வயலின் உண்டு, மேனாட்டுத் தாளக் கருவிகளும் உண்டு. ஆகவே, அயல் கருவி என்பதற்காகவே ஒதுக்குவது நேர்மையாகாது. ஆனால், அந்தக் குழு அடி முடியும் இடத்தில் பேசும். அவர் வாய் திறந்ததும் தாழ்ந்துவிடும். வல்லினம் வல்லினமாக, மெல்லினம் மெல்லினமாக, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எழுத்தெழுத்தாகச் சென்று சேரும். இலக்கணம் கற்ற பலரிடத்தும் காணாத மாத்திரைத் தெளிவு அவரிடம் இருந்தது.

இதற்கு எதிர்முனையில் ஒன்றைச் சொல்கிறேன். 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின், அந்தக் கரைகளில் வாழும் மக்களின் பாடல்களைப் பதிவு செய்து, 2007இல் 'லயா பிராஜக்ட்' என்னும் படமும் ஒலித்தட்டும் வந்தன. நாகூர் தர்காவில் பாடும் பாடகர்களும் அதில் இடம்பெற்றனர். அவர்கள் குரலை உலகம் கேட்டது அதனால்தான். அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும். ஆயினும், பாடிய இடத்தில் பதிந்த குரலின் மேல், பிறகு நிலையத்தில் பல ஒலிகளை அடுக்கினார்கள். கேட்கும்போது இறைவனின் திருநாமம் ஓர் இனிய ஒலியாக மிதந்து வருகிறது. பாட்டின் பொருள் அந்த ஒலியோடு வருவதில்லை. தமிழறியாதவர்க்கு அது குறையாகப் படாது. தமிழறிந்தவன் தன் வீட்டுப் பாட்டைக் கண்ணாடிக்கு அப்பால் பார்ப்பது போல் கேட்க நேர்கிறது.

அப்படியானால், பழையது பழையபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அந்த வாதத்தையும் நான் ஏற்கவில்லை. தாயிரா தட்டியவரின் பேரன் வளைகுடாவுக்குப் போய்விட்டான். அவன் போனதில் குற்றமுமில்லை. பாட்டியர் பாடிய முனாஜாத்துகளும் தாலாட்டுகளும் ஒவ்வொரு ஜனாஸாவோடும் குறைந்துகொண்டே வருகின்றன. பாட்டைப் பாடுவோர் இல்லாதபோது 'பழையபடியே' என்பதற்குப் பொருள் என்ன? முதல் வேலை பதிவு. ஒரு வாத்தியமும் சேர்க்காமல், பாடுபவர் வீட்டுத் திண்ணையிலேயே, அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பது உள்பட எல்லாவற்றையும் பதிய வேண்டும். பாடலின் சொற்களை அவர் உச்சரிக்கிறபடியே எழுதி வைக்க வேண்டும். இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் கைப்பேசியே இதற்குப் போதும். பண்டிங்குக்குக் கிடைக்காத வசதி நமக்கு இருக்கிறது.

அதன் பிறகு பல்லியத்தை அழைக்கலாம். எந்தப் பாட்டுக்கு என்பதைத் தெரிந்து அழைக்க வேண்டும். கப்பற்பாட்டும் கும்மியும் களிகம்பும் பைத்தும் கூட்டத்தின் பாட்டுகள்; அவை பெருங்குழுவைத் தாங்கும். சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் மணவிழாவையும் ஊர்வலத்தையும் போர்க்களத்தையும் பாடிய இடங்களுக்கு முரசும் எக்காளமும் பலகுரலும் தகும். அதே சீறாவில் தனித்திருந்து இறைஞ்சும் இடங்களைத் தனிக் குரலுக்கே விட வேண்டும்.

குணங்குடியாரின் பராபரக்கண்ணி முதலிய கண்ணிகளை என்ன செய்வது என்பதுதான் இளைஞர்கள் கேட்டது. அவை தனியொருவரின் முறையீடுகள். ராயபுரத்தில் உலகைத் துறந்து அமர்ந்த ஒருவர் நள்ளிரவில் தம் இறைவனோடு பேசிய பேச்சு. முழுப் பல்லியத்தை அவற்றின் மேல் ஏற்றினால் சிவபுராணத்துக்கு நேர்ந்ததே நேரும். ஆயினும், கண்ணிக்கு ஓர் அமைப்பு உண்டு. இரண்டடியில் ஒரு பொருள் முடிகிறது; ஈற்றில் இறைவனை விளிக்கும் சொல் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பி வருகிறது. இரண்டடிகளையும் ஒருவரே தாளமின்றி, தம் மூச்சின் அளவில் பாடட்டும். அந்த ஈற்று விளியை மட்டும் கூட்டத்தார் தாழ்ந்த குரலில் ஏற்கட்டும், மவ்லிது சபையில் ஏற்பது போல. பல்லியம் இருந்தே தீர வேண்டுமென்றால், அடிக்குரல் நரம்புகள் இரண்டு மூன்று ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். பாடகர் எப்போது அடுத்த கண்ணிக்குப் போவார் என்பதைக் கோல் பிடித்தவர் தீர்மானிக்காமல், பாடகர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு உடன்படும் நடத்துநர் கிடைத்தால் தொடங்கலாம். தாயிராவை மறந்துவிட வேண்டாம். குளிரூட்டிய அரங்கில் அதன் தோல் தளர்ந்துவிடும். பக்கத்தில் எங்காவது ஒரு கணப்புச் சட்டிக்கு அரங்கத்தாரிடம் அனுமதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.